மாமன் வராத தாலாட்டு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வாருங்கள். ஒரு பாட்டின் கதை சொல்கிறேன். மெல்லத்தான் சொல்ல முடியும்.

பாட்டுக்காரி ஒருத்தி கண்ணை மூடிக் கிடாரின் தந்தியைத் தொட்டாள்.

மதுரையில் ஒரு மாடி வீடு. படுக்கையறை. தெருச்சத்தம் வராமல் சன்னலில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்திருந்தார்கள். விசிறி ஓடவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை. கட்டிலின் ஓரத்தில் அவள் கணவன் கதிரேசன், காதில் ஹெட்போன், மடியில் லேப்டாப்.

காலையிலிருந்து இந்த ஒரு பாட்டைத்தான் பதிவு செய்கிறார்கள்.

முதல் தடவை, எதிர்வீட்டுக் குக்கர் விசில் உள்ளே விழுந்தது. கதிரேசன் கை தூக்கினான். நிறுத்தினாள். அப்புறம் கோலமாவு விற்கிறவர். அதற்கப்புறம் தொட்டிலில் கிடந்த பாப்பாவே தும்மினாள்.

"வீட்டைப் பத்தி ஆல்பம் போடுறோம். வீடுதான் விடமாட்டேங்குது" என்றான்.

சிரித்துக்கொண்டாள்.

மாமியார் அரிசி களைவதற்கு ஒரு பாட்டு இருந்தது. இவன் துணி மடிக்கிற அழகுக்கு ஒன்று. எல்லாம் முடிந்தது. கடைசியாகப் பாப்பாவுக்கு ஒரு தாலாட்டு.

தாலாட்டு என்றால் உங்களுக்குத் தெரியாதா? அத்தை வருவாள், பாட்டி வருவாள், எல்லோருக்கும் மேலாக மாமன் வருவான், கை நிறையச் சீரோடு.

இவள் தாலாட்டில் மாமன் இல்லை.

அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். கிடார் மட்டும் தனியே நடக்கும். பிறகு பாட்டு தொடரும்.

போன ஆல்பத்தில் அப்பாவைப் பாடியிருந்தாள். குடித்துவிட்டு வரும் அப்பா. சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கும் அம்மா. ஊரே கேட்டது. அருப்புக்கோட்டையில் ஒரு டீக்கடையில் நின்று அவள் அண்ணனும் கேட்டான்.

அன்றைக்கே போன் வந்தது.

"வீட்டுக்குள்ள அழுததை வீதியில பாடிட்ட. இனிமே உன் பாட்டுல நான் வரக்கூடாது. அண்ணன்னும் வரக்கூடாது, மாமன்னும் வரக்கூடாது."

அதோடு பேச்சு நின்றது. பாப்பா பிறந்தபோதும் அவன் வரவில்லை.

அடுத்த மாதம் காதுகுத்து. மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். அம்மா மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். பதில் இல்லை.

பிள்ளையை யார் மடியில் வைப்பது? பாடும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

மறுபடி பாடினாள். இந்தத் தடவை குரல் நன்றாக வந்தது. அந்த இடம் வந்தது. வாயை மூடினாள். கிடார் நடந்தது. பாட்டு முடியப்போகிற நேரம்.

வாசலில் யாரோ செருமினார்கள்.

கதிரேசன் கை தூக்கினான்.

கதவைத் திறந்தாள்.

அண்ணன். செருப்பைக் கழற்றிவிட்டு, பெல் அடிக்காமல் நின்றிருந்தான். எவ்வளவு நேரமோ.

"வாங்க மச்சான், உள்ள வாங்க" என்றான் கதிரேசன்.

"இல்ல மாப்ள, கிளம்பணும். அம்மா குடுத்து விட்டாங்க."

நீட்டினான். ரோஸ் தாளில் சுற்றிய வெள்ளிக்கொலுசு. கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. அம்மா மூட்டுவலியில் வாசற்படி தாண்டியே வருஷமாகிறது.

அவள் அதைக் கேட்கவில்லை. பாப்பாவைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"போட்டுவிட்டுட்டுப் போ."

உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். லேத்துப் பட்டறை விரல்கள். எத்தனையோ திருகுகளைப் பார்த்தவை, இந்தச் சின்னத் திருகுக்குத் தடுமாறின.

நிமிராமலே கேட்டான்: "அந்த எடத்துல ஏன் ஒண்ணும் பாடல?"

"நீதானண்ணே வரக்கூடாதுன்ன."

"என்னைக்கு நான் சொன்னதக் கேட்டிருக்க, இத மட்டும் கேக்க?"

இரண்டாவது கொலுசின் திருகும் ஒருவழியாக ஏறியது.

கதிரேசன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு தடவ எடுத்துருவமா?"

அண்ணன் எழப்பார்த்தான். பாப்பா அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தாள். மறுபடி உட்கார்ந்தான்.

பாடினாள்.

அத்தை வந்தாள். பாட்டி வந்தாள்.

அந்த இடம் வந்தது.

இப்போது பாடியிருக்கலாம். பாடவில்லை. வாயை மூடிக்கொண்டாள். கிடார் தனியே நடந்தது.

பாப்பா காலை உதைத்தாள்.

ஜல்.

அண்ணன் பதறிப்போய் இரண்டு பாதங்களையும் உள்ளங்கையால் பொத்தினான். கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டான்.

கதிரேசனின் கை மேலே போனது.

அவள் வாசிப்பை நிறுத்தவில்லை. கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் மெல்லக் கையை எடுத்தான்.

ஜல். ஜல்.

அந்தப் பாட்டு வெளியே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, கொலுசுச் சத்தம்தான்.

போய் விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா. பெல் அடிக்கத் தயங்கி உங்கள் வாசலில் யாராவது நின்றால், அவர்கள் திரும்பிப் போகுமுன் உங்கள் கதவு திறக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உட்கார மடி குறையாமல் இருக்கட்டும்.