வைக்கோல் லாரி

நான்கு மாடுகளின் கோடைக்காலப் பசிக்கு மூவாயிரம் ரூபாய் என்று விலை பேசியாயிற்று. வைக்கோலிலிருந்து வண்டிக்கு எரிபொருள் வடிக்கும் ஆலையின் ஏஜென்ட் மதியழகன், பூங்காவனத்தின் வைக்கோல்போர் முழுவதையும் லாரியில் ஏற்றியிருந்தான்.

"உங்க வீட்டுக்காரரு பணம் வாங்கிட்டாருக்கா."

"வாங்கினவரு வைக்கோல் திங்கிறதில்லையே, தம்பி."

"ஒருநாள் வைக்கோல் வரலைன்னா ஆலையே பட்டினி கெடக்கும்."

"கெடக்கட்டும். அது கத்தாது."

சொல்லிவிட்டுப் பூங்காவனம் மாடுகளை அவிழ்த்துவிட்டாள். அவை லாரியைச் சூழ்ந்துகொண்டு நிதானமாக உருவித் தின்றன. டிரைவர் ஹாரன் அடித்தார். செவலைப் பசு காதை மட்டும் ஆட்டியது.

"ஆபீசுல என்ன கணக்குக்கா சொல்றது?"

"நாங்க வாங்கினது மூவாயிரம். நீங்க வாங்க வேண்டியது நாளைக்குக் காலையில தொழுவத்துல விழும். கூடையோட வந்து அள்ளிக்கிட்டுப் போங்க."