படகிடம் சொன்னது

அப்பன் விட்டுப்போன பழைய பாய்மரப் படகைப் பந்தயத்துக்காக ஆளுக்கொரு பக்கம் நின்று சரிசெய்தார்கள் சந்தியாகுவும் தம்பி இன்னாசியும். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதைப் படகிடம் சொன்னார்கள்.

"படகே, ஒன் எடது பக்கம் இன்னும் ஒழுகுது. அடச்ச கை வெளங்குமா?"

"படகே, பாயக் கட்டுனவன் ஒன்னயக் கவுக்கத்தான் கட்டிருக்கான்."

பந்தயத்தன்று காற்று ஓங்கியது. படகு சாயாமலிருக்க, கடலுக்கு மேல் நீட்டிய பலகையின் நுனியில் போய் உட்கார்ந்தான் இன்னாசி. சுக்கான் சந்தியாகுவின் கையில் இருந்தது. படகைத் திருப்ப வேண்டிய இடம் நெருங்கியது. வெடுக்கென்று திருப்பினால் பலகை தண்ணீருக்குள் போய்விடும். பின்னால் மற்ற படகுகள் சீறி வந்தன.

"அண்ணே, மெல்லத் திருப்புண்ணே!" இத்தனை வருடத்தில் முதல்முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்துக் கத்தினான் இன்னாசி.

சந்தியாகு பாயை அண்ணாந்து பார்த்தான்.

"படகே," என்றான், "யாரோ கூப்புடுற மாதிரி இல்ல?"