சின்னவளும் ஓடினாள்

"அப்பா, இன்னிக்கு அவர் கேட்டா என்னைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க. நானும் ஓடினேன்னு. அது போதும்."

நாற்காலியைத் தட்டித் துடைத்தபடி சின்னவள் சொன்னாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பத்திரிகை நிருபர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"சொல்றேன்மா. சொல்லாம என்ன?"

"நல்லா ஓடினேன்னு, மனசு வந்தா நீங்களாச் சேர்த்துக்கோங்க."

அப்பா தலையாட்டினார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். கையில் விசில் இல்லாவிட்டால் அவருக்குக் குரலே எழும்பாது என்று சின்னவள் கேலி செய்வாள். அன்றைக்கு அது உண்மையாகவே இருந்தது.

நிருபர் வருவது பெரியவளுக்காக. தடை தாண்டி ஓடுகிற பெண்ணாக விளையாட்டு விடுதிக்குப் போனவள், கணுக்கால் முறிந்து, துடுப்புப் படகுக்கு மாறினாள். வெளிநாட்டு கிளப் ஒன்றின் கண்ணில் பட்டு, அங்கேயே பத்து வருஷம் படகு வலித்து, இப்போது அந்த நாட்டுப் பெண்கள் அணிக்கே பயிற்சியாளர். சும்மா சொல்லக் கூடாது, சாதனைதான்.

ஆனால் ஓட்டத்தில் பெரியவளைவிடச் சின்னவள்தான் வேகம். இது வாத்தியாருக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் என்ன செய்தார் மனுஷன்? பெரியவள் விடுதியில் சேர்ந்த வருஷமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். புதுப் பள்ளிக்கூடத்தில் சின்னவளைக் கூப்பிட்டு, "இனிமே மைதானத்துப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும். அவள் கேட்டதெல்லாம் இத்தனை வருஷத்தில் இது ஒன்றுதான்.

நிருபர் வந்து உட்கார்ந்ததும் நோட்டைப் பிரித்தார்.

"ஓட்டத்துல இருந்து படகுக்கு எப்படி சார் மாறினாங்க? காலுக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லையே!"

"அங்கதான் தம்பி எல்லாரும் தப்பு பண்றாங்க," என்று வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "துடுப்பு கையில இருக்கும். ஆனா வேலை செய்யறது தொடை. உட்கார்ற பலகை முன்னும் பின்னும் உருளும். காலால உதைச்சுத் தள்ளினாத்தான் படகு நகரும். தடை தாண்டித் தாண்டி அவளுக்குத் தொடை இரும்பு மாதிரி ஆயிருந்தது."

"முதல்ல ரொம்பப் பயந்தாங்களாமே?"

"பயமா? அவளுக்கு நீச்சலே தெரியாது சார்!" என்று சின்னவள் குறுக்கே புகுந்தாள். "முதல் நாளே படகு கவுந்து, வயிறு நிறையத் தண்ணியக் குடிச்சுட்டு, போன்ல ஒரே அழுகை. 'வீட்டுக்கே வந்துடறேன்டி'ன்னா. நான்தான் திட்டினேன். 'நீ திரும்பி வந்தா ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிடும், மரியாதையாப் படகுல ஏறு'ன்னு."

நிருபர் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"அது சரி, இவங்க ஓடலையா சார்? வாத்தியார் வீட்டுப் பொண்ணாச்சே!"

கேள்வி வந்தேவிட்டது. சின்னவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடினாள், நன்றாகவே ஓடினாள். அவ்வளவுதானே? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே பயமும் வந்தது. ஓடினாள் என்றால் எந்த வருஷம், எந்தப் பிரிவு, ஏன் நிறுத்தினாள் என்று அடுக்கிக்கொண்டே போவார். பத்திரிகைக்காரர் லேசில் விடுவாரா?

"இவளுக்கு... அதுல இஷ்டமில்ல தம்பி," என்று மென்று முழுங்கினார். "படிப்பு, வேலைன்னு இருந்துட்டா."

சின்னவளின் முகம் செத்துப் போயிற்று. பாவி, இப்படிச் சொல்லிவிட்டோமே என்று வாத்தியார் தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் அவள் சமாளித்துக்கொண்டாள்.

"ஆமா சார். பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓட மாட்டேன்."

நிருபர் வாய்விட்டுச் சிரித்தார். வாத்தியாரும் சேர்ந்து சிரித்து வைத்தார். அதுதான் கொடுமை.

பெரியவளின் பதக்கங்கள் தொங்கும் சுவரோரம் அப்பாவையும் மகளையும் நிறுத்தி நிருபர் ஒரு படம் எடுத்தார். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அடடா, முக்கியமானதை விட்டுட்டேன். படத்துக்குக் கீழ போடணும். உங்க பேரு என்னம்மா? அவங்களுக்கு நீங்க அக்காவா, தங்கச்சியா?"

"அக்கா," என்றாள் சின்னவள், கொஞ்சமும் யோசிக்காமல்.

"நம்பவே முடியலையே! பார்த்தா தங்கச்சி மாதிரி இருக்கீங்க."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க," என்றவள், பதினாறு வருஷமாகச் சொல்லிப் பழகிய பெயரை அவருக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பெரியவளின் பெயரை.

வாத்தியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டியில் பதினஞ்சு வயசுப் பெரியவளை ஓட வைக்க, "இந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும்தான்டி கண்ணு" என்று சின்னவளின் பிறப்புச் சான்றிதழை அன்றைக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பெயரோடும் அந்த வயதோடும் பெரியவள் கடல் தாண்டிப் போய்விட, ஓடுவதற்குச் சின்னவளிடம் சொந்தமாக ஒரு பெயர்கூட மிச்சமிருக்கவில்லை.