மெர்சியின் சொட்டு

கூரை ஒழுகுகிறது என்று சூசை ஒரு வார்த்தை சொன்னதற்கு, "அப்ப வேற வீடு பாத்துக்க" என்றுவிட்டார் பழைய வீட்டு ஓனர். புது வீடு ஒழுகவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. மகள் மெர்சிக்கு ஆட்டிசம். "பழகுனது எதையும் மாத்தாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்குச் சொந்த வீடு. வெளியே மழை கொட்ட, பழைய வீட்டில் சொட்டுக்கு வைப்பதுபோலவே நடுவீட்டில் அலுமினியச் சட்டியை வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்து அழுதுகொண்டிருந்தாள் மெர்சி.

சூசை ஏணி போட்டு ஏறி, நல்ல ஓடு ஒன்றை நகர்த்தினான். சத்தம் கேட்டுப் புது ஓனர் குடையோடு ஓடிவந்தார்.

"யோவ், குடிவந்த அன்னைக்கே கூரையப் பிரிக்கிறியா?"

"சட்டியில விழுதான்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி!"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சொட்டு தரையில் விழுந்தது. மெர்சி சட்டியை நகர்த்துவதாக இல்லை.

"இன்னும் ஒரு சாண் கிழக்கால தள்ளுய்யா!" என்று கத்தினார் ஓனர்.

டங். மெர்சி அழுகையை நிறுத்திவிட்டுச் சட்டியருகே தலைசாய்த்துப் படுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது, சொட்டும் நின்றது. பழைய வீட்டில் மழை விட்ட பிறகும் வெகுநேரம் சொட்டும். மெர்சி எழுந்து உட்கார்ந்தாள்.

சூசை தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறினான். ஓனர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டார்.