அடுத்தவள் பிள்ளையின் நேரம்

“வடிவக்கா, ஒங்க ரூபிகாவுக்கு வொச் புடிக்கப் போறது யாருன்னு பாத்தீங்களா? கடைக்காரம்மா!”

சர்மிளா காதோரம் கிசுகிசுத்ததும் சண்முகவடிவு திரும்பிப் பார்த்தாள்.

ஹட்டன் பிள்ளைகளின் நீச்சல் அணியில் அம்மாமாருக்கும் வேலை உண்டு. ஒருத்தி ஈரம் துடைக்கத் துவாய் பிடிப்பாள். ஒருத்தி கொத்தமல்லித் தண்ணி கொண்டு வருவாள். நேரம் பார்க்கிற ஸ்டொப் வொச்சும் அம்மாமார் கையில்தான். ஒரே ஒரு சட்டம்: தன் பிள்ளைக்குத் தானே நேரம் பார்க்கக் கூடாது.

கண்டிப் போட்டிக்கு நாலு பேர் கொண்ட ரிலே குழு போக வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்குத்தான் இன்றைக்கு ரூபிகாவும் கடைக்காரம்மா மகள் பிரியந்தியும் நீந்தப் போகிறார்கள். ரூபிகாவின் லேனுக்குக் கடைக்காரம்மா. பிரியந்தியின் லேனுக்குச் சண்முகவடிவு.

“அவங்க வெரலு கொஞ்சம் சொணங்குனாப் போதும், ஒங்க புள்ள கண்டிக்குப் போன மாதிரிதான்.”

“சும்மா இரு சர்மி. அவங்க அப்புடியெல்லாம் செய்ய மாட்டாங்க.”

“என்னவோ, கண்ண வச்சுக்கிட்டே இருங்க.”

கடைக்காரம்மா எதிரே வந்து நின்றாள். காலில் புது சப்பாத்து, கையில் தங்க வளையல். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அவள் கடைக்காரம்மா இல்லை. வெறும் மனோ. வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகள், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா.

லயத்துக்குக் கீழே ஆறு ஒரு இடத்தில் நின்று ஆழமாகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரெண்டு பேரும் அங்கேதான். மனோ பாவாடைக்குள் காற்றைப் பிடித்துக்கொண்டு பலூன் மாதிரி மிதப்பாள். “ஏய் வடிவு, கப்பல் போவுது, வழிய விடு!” என்று கத்துவாள். உதடு நீலமாகிற வரைக்கும் கரையேற மாட்டார்கள். அக்கரைப் பாறையை யார் முதலில் தொடுவது என்று பந்தயம். நேரம் பார்க்க வொச்சுக்கு எங்கே போவது? தோற்றவள்தான் ஜெயித்தவள் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு வெயிலில் சூடேறின பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு தேங்காய் ரொட்டியைப் பிய்த்து ரெண்டு பேரும் தின்பார்கள். அந்த ரொட்டி ருசி பிறகு எந்த ரொட்டியிலும் வரவில்லை.

மனோவை டவுன் கடைவீதியில் கட்டிக்கொடுத்தார்கள். முழுப் பெயரோடு மனோரஞ்சிதம் ஆனாள், கடைக்காரம்மா ஆனாள். இந்த நீச்சல் தடாகத்துப் பக்கம் ரெண்டு வருசமாகச் சனிக்கிழமை தவறாமல் பார்க்கிறார்கள். “சொகமா?” என்றால் “சொகம்.” அதுக்கு மேலே பேச சண்முகவடிவுக்கும் கூச்சம்.

“ரெடியா?” என்றார் பயிற்சி கொடுக்கிற யோகேஸ்வரன் சேர்.

விசில்.

ரெண்டு பிள்ளைகளும் குதித்தார்கள். பனி இறங்கின தண்ணீர் பொத்தென்று உடைந்தது.

“அடி ரூபி! காலை அடி!” என்று கத்தினாள் சர்மிளா.

சண்முகவடிவு கத்தவில்லை. அவள் கண் கடைக்காரம்மாவின் கையிலேயே இருந்தது. வளையலுக்குக் கீழே அந்தக் கட்டைவிரல். பொத்தான் மேலே அசையாமல்.

எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்பிவிட்டார்கள். இன்னும் பாதி. இன்னும் கொஞ்சம். பிள்ளைகள் கூச்சலில் காது அடைத்தது.

விரல் அழுத்தியது.

சட்டென்று தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் ரூபிகாவின் கை சுவரில் பட்டிருந்தது. சரியான நேரம்தான்! அப்பாடா என்று மூச்சு விட்டாள். தன் கையில் இருந்த வொச்சையும் அழுத்தினாள்.

“கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சிச்சு,” என்றார் சேர். “நேரத்தச் சொல்லுங்க.”

“ரூபிகா, நாப்பத்தொண்ணு தசம் ரெண்டு,” என்றாள் மனோரஞ்சிதம்.

“பிரியந்தி, நாப்பத்தொண்ணு தசம் ஆறு,” என்றாள் சண்முகவடிவு.

“அப்ப ரூபிகா!”

ரூபிகா ஈரத்தோடு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “அம்மா, நான் கண்டிக்குப் போறேன்மா!”

அந்தப் பக்கம் பிரியந்தி துவாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். “நான்தாம்மா மொதல்ல தொட்டேன்!”

“பேசாத. அவங்க பாத்த நேரம் சரியாத்தான் இருக்கும்.”

மகளை அதட்டிவிட்டு மனோரஞ்சிதம் நேராகச் சண்முகவடிவிடம் வந்தாள். ரெண்டு வருசத்தில் முதல் தடவையாகக் கையைப் பிடித்தாள்.

“கோவிச்சுக்காத வடிவு, சின்னப் புள்ள பேச்சு. அவ லேனுக்கு ஒன்னையப் போடச் சொல்லி சேர்கிட்டக் கேட்டதே நான்தான். வேற யாராச்சும் நின்னா எங்கண்ணு எம்புள்ள பக்கமே ஓடும். நீ நிக்கிறங்கிற தைரியத்துலதான் ஒம்புள்ள கைய விட்டு நான் கண்ண எடுக்கல.”

சண்முகவடிவு மகளைப் பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அது சிரித்துக்கொண்டு நின்றது. சேர் பேனாவைத் திறந்து பெயரெழுதக் குனிந்தார்.

“எழுதாதீங்க சேர்!”

தடாகமே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு இவ்வளவு சத்தம் இருப்பது யாருக்கும் தெரியாது.

“ரெண்டு புள்ளைகளையும் இன்னொருக்கா நீந்த விடுங்க. பிரியந்தி சொவத்தத் தொட்டத நான் பாக்கல.”

“பாக்கலையா?” மனோரஞ்சிதத்துக்கு விளங்கவில்லை. “அப்ப எதத்தான் பாத்துக்கிட்டு நின்ன?”

சண்முகவடிவு தலைகுனிந்தாள்.

“ஒன் வெரல மனோ.”