நூலிழை முன்னால்

பழைய ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை அதை உருவாக்கிய கம்பெனியே கைவிட்டுவிட்டதால், ஆல்பன் புதிதாக மூன்றைக் கணினியில் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பெனிட்டா மூன்றிலும் ஒரே பல்லவியைப் பாடினாள். மூன்றிலும் அவள் குரல் தாளத்துக்கு நூலிழை முன்னால் விழுந்தது.

"சாஃப்ட்வேர்ல கோளாறு இல்ல. நீதான் முந்துற" என்றான்.

பழையது அவள் குரலை எப்போதும் சற்றுத் தாமதமாகவே பதிவுசெய்யும். அதற்கு ஈடாகப் பதினோரு வருடங்களாக முந்திப் பாடியே அவளுக்குப் பழகிவிட்டது. ஆல்பன் குரலை மவுஸால் பிடித்துக் கொஞ்சம் பின்னால் இழுத்துவைத்தான். பொருந்திவிட்டது.

"என்னைய யாரு இழுத்து வைப்பா?" என்றாள். "சிரிக்காதீங்க."

அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"நேத்து பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே 'வர்றேன்'னு கதவத் திறந்துட்டேன். சிலிண்டர் போட வந்தவர் பயந்துட்டார். கொஞ்சம் லேட்டா பதியற சாஃப்ட்வேரா பாருங்களேன்."

"அப்படி ஒண்ண யாராவது தேடுவாங்களா?" என்றபடி அவன் நான்காவதை இறக்க ஆரம்பித்தான். திரையில் பச்சைக் கோடு மெல்ல நீண்டது. அது முடிவதற்குள் பெனிட்டா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்துவந்து அவன் தோளில் கைவைத்தாள்.

"அழாதீங்க" என்றாள்.

"யாரு அழுறா?"

அவளுக்கும் தெரியவில்லை. மேசையில் கிடந்த அவன் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் அடிக்கவில்லை.