விதையைத் தோண்டிப் பார்ப்பவர்

"மறுபடியும் தோண்டிட்டீங்களா?"

பால்கனியில் குந்தியிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். சுட்டுவிரல் நகம் முழுக்க மண். உள்ளங்கையில் ஒரு தக்காளி விதை, நூல் மாதிரி வெள்ளையாக முளையை நீட்டிக்கொண்டு கிடந்தது. அந்த முளை பாதியில் ஒடிந்திருந்தது.

"சும்மா... வந்துடுச்சான்னு பார்த்தேன்."

"போட்டு அஞ்சு நாள்தாங்க ஆகுது. தூங்குற விதையைத் தட்டி எழுப்பி விசாரிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். நல்லா வந்துக்கிட்டிருந்ததை இப்படிக் கொன்னுட்டீங்களே!"

சொல்லி முடித்ததும் மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது. ஒடிந்த முளையை மறுபடியும் மண்ணுக்குள் வைத்து மூடினார்.

அவசரம் அவருக்குக் கூடவே பிறந்தது. லிஃப்ட் பட்டனை நாலு தடவை அமுக்கிவிட்டு, அது வருவதற்குள் படியேறிப் போகிற ஆள். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாக்கு வெந்த பிறகுதான் சூடு என்று தெரிந்துகொள்வார். நாலு மாதத்துக்கு முன்னால் அந்த ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த நாள் முதல் அவசரத்தோடு பயமும் ஒட்டிக்கொண்டது. லீவு போட்டுவிட்டு வீட்டோடு கிடக்கிறார். கதவு சத்தமாகச் சாத்தினாலே தூக்கிவாரிப்போடுகிறது.

மனநல ஆலோசகர் மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. "ஒரு தொட்டி, கொஞ்சம் விதை, ஒரு நோட்டு. தினமும் காலையில கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. இனிமே நடக்கப்போறதைப் பத்தி ஒரு வரிகூட எழுதக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் நாள், 'மண். ஈரம். வேறொன்றும் இல்லை' என்று எழுதினார்.

"என்ன, தந்தி அடிக்கிறீங்களா?" என்று மனைவி சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் எழுதியதைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தாள். 'இரண்டு தலை தெரிகிறது. விதையின் தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டன. பார்த்துக்கொண்டே இருந்ததில் டீ ஆறிவிட்டது. ஆறிய டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.'

அப்பாடா, மனுஷன் தேறிவிட்டார் என்று அவள் நினைத்தாள். நாற்றுகள் விரலளவு வளர்ந்திருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன்.

வியாழக்கிழமை பொழுது விடிந்ததிலிருந்து அவர் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"என்னால முடியாது. இன்னும் ஒரு மாசம் தள்ளிப்போடச் சொல்லிடலாம்."

"நாலு மாசமா இதையேதான் சொல்றீங்க."

"போன தடவையும் சின்ன ஆபரேஷன், பயப்பட ஒண்ணுமே இல்லைன்னுதானே எல்லாரும் சொன்னீங்க? என்ன ஆச்சு?"

அவள் காலித் தொட்டி ஒன்றை எடுத்துவந்து நாற்றுத் தொட்டியின் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தத் தடவையும் அப்படி ஏதாவது ஆச்சுன்னா, நான் எழுந்திருக்கவே மாட்டேன். சொல்லிட்டேன்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா? இங்க வந்து உட்காருங்க. இந்த ரெண்டு நாத்தையும் பிரிச்சு வேற தொட்டியில வைக்கணும். வேர் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டிருக்கு."

உட்கார்ந்தார். விரல்கள் நடுங்கின. வெடுக்கென்று இழுக்கப்போனவரின் மணிக்கட்டை அவள் பிடித்தாள்.

"யாரும் உங்களைத் துரத்தல. நடுக்கம் நிக்கட்டும். அப்புறம் தொடுங்க."

கையை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மண்ணைக் கரைத்தார். ஒவ்வொரு வேராகப் பிரித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அன்றைக்கு நோட்டில், 'ஒரு வேர்கூட அறவில்லை' என்று மட்டும் எழுதினார்.

அந்தத் தைரியம் இருட்டுகிற வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. ஆஸ்பத்திரி நடைவழியில் பினாயில் நெடி மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது.

"திரும்பிப் போயிடலாமா?" என்று மனைவியிடம் கேட்டார். கேட்டது விளையாட்டுக்கு இல்லை.

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. "நிதானமா மூச்சு விடுங்க. எல்லாம் நல்லபடியா முடியும். நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன், எங்கேயும் போக மாட்டேன்."

நடைவழிக் கோடியில் இருந்த கதவு வரைக்கும்தான் அவளை விட்டார்கள்.

உள்ளே ஒரு நர்ஸ் அவருக்குப் பச்சை அங்கியை மாட்டி, முதுகுப்பக்கம் நாடாவை முடிந்தாள். தலைக்குத் தொப்பி போட்டுவிட்டாள். அவர் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவளுக்கே கேட்டிருக்க வேண்டும்.

"பயமா இருக்கா சார்?"

"ரொம்ப" என்றார். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"இருக்கத்தான் செய்யும். ஆனா இந்தத் தடவை ஒண்ணும் ஆகாது, பாருங்க."

கதவு திறந்தது. வட்ட விளக்குகளின் வெளிச்சத்தில் கண் கூசியது. முகமூடி போட்ட நாலு பேர் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து மேஜையருகே போனார்.

மேஜையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஏற்கெனவே மயக்கத்தில் படுத்திருந்தாள்.

"எல்லாம் தயார், டாக்டர்" என்று கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தாள் நர்ஸ்.